மூன்று சிடி, ஒரே தவறு

போன மாதம் திவ்யா போன் செய்தாள். சென்னையில் நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த இசைத்தட்டுக் கம்பெனியில் இப்போது மாஸ்டரிங் பிரிவைக் கவனிக்கிற பெண். பழைய டேப்பில் இருக்கும் இசையை சிடிக்குத் தகுந்தபடி தயார் செய்கிற வேலைக்குத்தான் மாஸ்டரிங் என்று பெயர். நான் ஓய்வு பெற்று சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்ட பிறகும் ஏதாவது சந்தேகம் என்றால் கூப்பிடுவாள்.

"சார், புது சாஃப்ட்வேர் போட்டிருக்கோம். பழைய ரெக்கார்டிங்ல கரண்டோட ஹம், அந்த ம்ம்ம்ங்கற ரீங்காரம், அடியில ஓடிக்கிட்டே இருக்கும்ல, அதை இதுவே தேடி எடுக்குது. ஹம் அம்பது ஹெர்ட்ஸ்ல இருந்தா டேப்போட வேகம் சரின்னு சர்டிபிகேட் கொடுத்துடுது. நம்பலாமா?"

"நம்பாதே."

"நீங்களும் அப்படித்தான் பார்ப்பீங்கன்னு சொல்வாங்களே சார்?"

"அப்படிப் பார்த்துத்தான் மாட்டிக்கிட்டேன். போன்ல சொன்னா விளங்காதும்மா. எழுதி அனுப்புதேன்."

ஐந்து வரியில் முடித்திருக்கலாம். உட்கார்ந்தால் இவ்வளவு வந்துவிட்டது. இதில் கடைசியில் ஜெயித்தவன் நான். ஜெயித்த கதையைச் சுருக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை கிடையாது. தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் அது பிடிபடவில்லை. எங்கள் கம்பெனி பழைய ஜாஸ் ஆல்பங்களை சிடியாக மறுவெளியீடு செய்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் உரிமை வாங்கியவை நிறைய, நம் ஊர் ஓட்டல்களில் வாசித்த குழுக்களின் தட்டுகள் கொஞ்சம். ஒரே ஆல்பம் பல தடவை சிடியாக வரும். ஒன்று மூல டேப்பிலிருந்து, ஒன்று நகலிலிருந்து, ஒன்று நகலின் நகலிலிருந்து. எது எதிலிருந்து வந்தது, எதில் என்ன கெட்டது என்று கேட்டு அறிக்கை எழுத வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

"அப்போ பாட்டுக் கேக்கதுக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கான். ஏன் மாப்ளே, தூங்குனா போனஸ் உண்டுமா?" என்று என் அக்காள் கணவர் பரமசிவம் அத்தான் ஒவ்வொரு லீவுக்கும் கேட்பார். சங்கரன்கோவிலில் நான்கு விசைத்தறி போட்டிருந்தவர். அவரைப் பற்றிப் பின்னால் நிறைய வரும்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து இருபத்திரண்டு வயதில் சேர்ந்தேன். அதுவரை ஜாஸ் என்றால் ஏதோ பிஸ்கட் பெயர் என்றுதான் நினைத்திருப்பேன். முதல் மூன்று வருடம் டேப் மிஷினின் ஹெட்டைத் துடைத்ததும் அறுந்த டேப்பை ஒட்டியதும்தான். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நான்காம் வருடம்தான் ரகுநாதன் சாரின் அறைக்குள் விட்டார்கள்.

ரகுநாதன் சார் எங்கள் பிரிவுத் தலைவர். பியூனைக்கூட "நீங்கள்" என்றுதான் அழைப்பார். எதையும் சரி என்றோ தவறு என்றோ வாயால் சொல்லமாட்டார். நாம் எழுதிக் கொடுத்த சீட்டைப் படிப்பார், அதன்மேல் பென்சிலை வைப்பார், இரண்டையும் நம் பக்கம் தள்ளிவிடுவார். பென்சில் வந்தால் திரும்பக் கேட்க வேண்டும் என்று அர்த்தம். பென்சில் அவர் சட்டைப்பைக்குள் போனால் வீட்டுக்குப் போகலாம்.

அவர் முறை இது. ஒப்பிட வேண்டிய சிடிகளை வெள்ளைக் காகித உறையில் போட்டு அ, ஆ, இ என்று எழுதுவார். எது எந்தக் கம்பெனி என்று கேட்பவனுக்குத் தெரியக்கூடாது. மூன்றின் சத்தத்தையும் மீட்டர் வைத்து அரை டெசிபல்கூட வித்தியாசம் இல்லாமல் சமன் செய்வார். ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரு திருகு. திருகினால் அதே இடத்திலிருந்து அடுத்த சிடி ஒலிக்கும். இருபது வினாடிக்குமேல் எதையும் தொடர்ந்து கேட்கக்கூடாது. கேட்டால் பாட்டு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், காது வேலையை விட்டுவிடும். முதலில் அடிக்குரலில் போகிற பாஸ் மட்டும். அடுத்த முறை டிரம்ஸில் கம்பி பிரஷ் உரசுகிற இடம் மட்டும். கடைசியாக, பாட்டு முடிந்து கடைசி சுரம் அடங்கி பதிவு செய்த அறையின் எதிரொலி மட்டும் கேட்கிற இடம்.

முதல் நாள் எனக்கு இரண்டு உறை கொடுத்தார். ஒரு மணி நேரம் கேட்டேன். 'ஆ'வில் பாஸ் கனமாக இருக்கிறது, சாக்ஸபோனில் மூச்சு தெரிகிறது, 'அ' கொஞ்சம் மந்தம் என்று பன்னிரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டு உறைகளையும் பிரித்துக் காட்டினார். இரண்டும் ஒரே சிடி. 'ஆ'வின் சத்தத்தை மட்டும் ஒரு மயிரிழை ஏற்றி வைத்திருந்தார். சத்தம் கூடியதைக் காது எப்போதும் நல்லது என்றே சொல்லும் என்பதற்கு அதுதான் பாடம்.

"நன்றாக எழுதுகிறீர்கள், கோமதிநாயகம்," என்றார். "கேட்கவும் பழகிக்கொள்ளுங்கள்."

அன்றைக்கு வந்த கோபத்தில் பழகிக்கொண்டேன். பத்து வருடத்தில் எனக்கும் கொஞ்சம் பேர் வந்தது. ஒரு முறை வெளிநாட்டிலிருந்து தங்க நிறத்தில் ஒரு சிடி வந்தது. பெயர்பெற்ற டிரம்பெட் கலைஞர் ஒருவரின் ஆல்பம். நாங்களும் அதே ஆல்பத்தைச் சாதாரண வெள்ளி சிடியாகப் போட்டிருந்தோம். தங்கத்தைக் கேட்டபிறகு உங்களுடையதைக் கேட்க முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் கடிதம் எழுதினார்கள். இறக்குமதி செய்த விநியோகஸ்தரும் எங்களைக் கிண்டல் பண்ணினார். நான் மூன்று நாள் கேட்டேன். தங்க சிடியில் இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அறையின் எதிரொலியையும் சேர்த்து வடிகட்டியிருந்தார்கள். பிரஷ் உரசுவது பாலிதீன் கசங்குவதுபோல இருந்தது. மூன்றாவது பாட்டில் எங்களிடம் இருந்த நகல் டேப்பில் ஒரு கண்ணிமைப்பு நேரம் வலது பக்கம் சத்தம் விழும். அந்த விழுகை அதிலும் இருந்தது, கூடவே அவர்கள் டேப்புக்கென்று தனியாக இன்னொரு விழுகையும் இருந்தது. ஆக, அது நகலின் நகல். விநியோகஸ்தரை நேரில் வரச்சொல்லி, உறை மாற்றி, சத்தம் சமன் செய்து கேட்கவைத்தோம். மூன்று தடவையும் எங்கள் வெள்ளியைத்தான் நல்லது என்று தொட்டார். கிளம்பும்போது காபிகூடக் குடிக்கவில்லை. ரகுநாதன் சாரின் பென்சில் சட்டைப்பைக்குள் போனது.

இந்தத் தெம்பெல்லாம் இருந்தும்தான் ரோஸ்லின் அம்மா விஷயத்தில் வசமாகக் கோட்டைவிட்டேன்.

ரோஸ்லின் அம்மா ஒரு ஜாஸ் குழுவில் வைப்ரபோன் வாசித்தவர். நீளமான மேசைமேல் அலுமினியப் பட்டைகளை வரிசையாக அடுக்கியிருக்கும்; நுனியில் நூல் சுற்றிய குச்சிகளால் தட்ட வேண்டும். அவர் கணவர் டெரிக் சாக்ஸபோன். பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று இன்னும் மூன்று பேர். அந்தக் காலத்து மெட்ராஸ் ஓட்டல் ஒன்றில் தினமும் வாசித்தார்கள். ஒரே ஒரு ஆல்பம், எட்டுப் பாட்டு, எங்கள் கம்பெனி ஸ்டூடியோவில் ஒரே நாளில் பதிவானது. அதைச் சேகரிப்பாளர்கள் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள்.

அதை முதன்முதலாக சிடி ஆக்கியவன் நான். மூல டேப்பை ஓட்டினேன். வேகம் சரியா என்று பார்க்க ரகுநாதன் சாரின் விதி இருந்தது: நம் ஊர்க் கரண்ட் வினாடிக்கு ஐம்பது தடவை அதிரும், அடியில் ஓடுகிற அதன் ஹம்மை அளந்து பார், ஐம்பதில் இருந்தால் வேகம் சரி. அளந்தேன். அப்பழுக்கில்லாமல் ஐம்பது. சீட்டில் 'வேகம் சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சிடி வந்த மாதமே ரோஸ்லின் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. டெரிக் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. கடிதத்தில் நான்கே வரி. இந்த சிடி சரியில்லை, இதனோடு சேர்ந்து என்னால் வாசிக்க முடியவில்லை, சரிசெய்யுங்கள் என்று. அதன் ஓரத்தில் எங்கள் ஆபீசில் யாரோ 'வயது' என்று எழுதி கோப்பில் போட்டுவிட்டார்கள். நானும் படித்தேன். பாவம், கணவர் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உரிமை வாங்கி இரண்டாவது சிடி போட்டது. அதற்கும் அந்த அம்மாள் அதே கடிதம்.

எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது மூன்றாவது மறுவெளியீடு செய்ய முடிவானது. ரகுநாதன் சார் எப்போதோ ஓய்வுபெற்று கோயம்புத்தூர் போய்விட்டார். நான்தான் பிரிவுத் தலைவர். எட்டில் ஐந்து பாட்டு ரோஸ்லின் அம்மா அமைத்தவை. புது ஒப்பந்தப்படி அவர் கையெழுத்து வேண்டும். குழுவில் உயிரோடு இருந்தவரும் அவர் மட்டும்தான். அவர் ஒரே பிடியாக நின்றார்: தவறைச் சரிசெய்தால் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை. மேனேஜர் எனக்கு ஒரு மாதம் கொடுத்தார். அதற்குள் தீரவில்லை என்றால் ஆல்பத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவோம் என்றார். எடுத்தால் திரும்ப யார் சேர்க்கப் போகிறார்கள்? நான் கையெழுத்துப்போட்ட சீட்டால் ஒரு குழுவின் ஒரே ஆல்பம் அழியப்போகிறது என்கிற நினைப்பு என்னைப் பிடித்து ஆட்டியது.

முதல் சிடி, இரண்டாவது சிடி, நான் புதிதாகத் தயாரித்த மூன்றாவது சிடியின் மாதிரி என்று மூன்றையும் உறையில் போட்டு ஒப்பிட்டேன். இரண்டாவதில் சத்தத்தை ஏற்றி அழுத்தியிருந்தார்கள், டிரம்ஸ் மூச்சு முட்டியது. முதலாவது கொஞ்சம் வறட்சி. மூன்றாவது நன்றாகவே இருந்தது. வேகத்தில் மட்டும் மூன்றும் அச்சாக ஒன்றுபோல இருந்தன. பழைய எல்பி தட்டைப் போட்டால் அதுவும் அப்படியே. ஹம் எல்லாவற்றிலும் ஐம்பது. எட்டுப் பாட்டிலும் ஐம்பது. பியானோவின் சுருதி கொஞ்சம் மேலே இருந்ததுதான், ஆனால் ஓட்டல் குழுக்கள் பளிச்சென்று கேட்பதற்காக ஏற்றி வைப்பதுண்டு என்று நாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

போனில் அந்த அம்மாளிடம், "அளந்து பார்த்தோம் மேடம், எல்லாம் சரியாகத்தான் இருக்கு," என்றேன்.

"நீங்க அளந்தா போதுமா? எனக்கு வாசிக்க முடியல," என்று வைத்துவிட்டார்.

இந்த லட்சணத்தில் அக்காள் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. இரண்டு நாள் லீவில் ஊருக்கு வந்தேன். விசேஷம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்த மத்தியானம், அத்தானோடு தறிக்கூடத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது தறியைப் போட்டதும் ஜெனரேட்டர் திணறியது. தறிகளின் தடதடப்பு ஒரு சுற்று இறங்கியதை என் காது பிடித்துக்கொண்டது. பழக்க தோஷம்.

"இழுக்குதா?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான். தறி மெதுவாப் போகுது."

"இது என்ன மெதுவு. அந்தக் காலத்துல லைன் கரண்டே இப்படித்தான் இழுக்கும். பொழுது சாஞ்சு ஊரெல்லாம் லைட்டப் போட்டுட்டான்னா போதும், தறி அசந்து போயிரும். குருவிகுளம் பக்கமெல்லாம் மோட்டார் போட்டுட்டான்னா கேக்கவே வேண்டாம். அதுல நான் ஒரு கூத்துல மாட்டுனேன், உனக்குத் தெரியாதுல்லா?"

"என்ன கூத்து?"

"செவுத்துல மாட்டுத கரண்டு கெடிகாரம் ஒண்ணு ஏலத்துல எடுத்தேன். சாவி கிடையாது, பேட்டரி கிடையாது, பிளக்குல சொருகுனா ஓடும். பெரிய மனுசன் மாதிரி தறிக்கூடத்துல மாட்டி, இனிமே இதுல எட்டு மணி ஆனாத்தான் ஷிப்டு முடியும்னுட்டேன். நாலு நாளு போச்சு. நெசவாளி எல்லாம் சேந்துக்கிட்டு, அண்ணாச்சி நீங்க எங்கள அரைமணி நேரம் கூட வேலை வாங்குதியன்னு சண்டைக்கு வாரான். நான் விடல. வே, மணிக்கு இத்தன முழம்னு கணக்கு இருக்கு, கெடிகாரத்தப் பாரு, முழத்தப் பாரு, ரெண்டும் டாண்ணு பொருந்துதான்னு கேட்டேன். பொருந்தத்தான் செஞ்சுது!"

"பிறகு?"

"பிறகென்ன, உங்க அக்கா வந்து, கோயில்ல சாயரட்சை மணி அடிச்சு எவ்வளவு நேரமாச்சு, இங்கன இன்னும் ஆறே அடிக்கலயேன்னா. அப்பத்தான் உறைச்சுது. தறியும் அதே கரண்டுல ஓடுது, கெடிகாரமும் அதே கரண்டுல ஓடுது. அது அசந்தா இதுவும் சேந்து அசந்துரும். ஒண்ண வச்சு ஒண்ண அளந்தா எப்படிலே தப்புத் தெரியும்? நெசவாளி கையில கட்டியிருந்த வாட்ச்சுல்லா சரி!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

எங்கள் ஸ்டூடியோவின் அந்தக் காலத்து டேப் மிஷினும் கரண்ட் கடிகாரம் மாதிரிதான். அதன் மோட்டாரின் வேகத்தைக் கரண்டின் ஹெர்ட்ஸ்தான் தீர்மானிக்கும். அன்றைக்குக் கரண்ட் ஐம்பதுக்குப் பதில் நாற்பத்தெட்டில் இருந்திருந்தால் டேப் மெதுவாக ஓடியிருக்கும். ஹம்மும் நாற்பத்தெட்டாகவே பதிவாகியிருக்கும். பிற்பாடு ஐம்பதில் ஓடுகிற மிஷினில் அந்த டேப்பைப் போட்டால், பாட்டும் வேகமாக ஓடும், ஹம்மும் கூடவே ஏறி ஐம்பதாக வந்து நிற்கும். தறியும் கடிகாரமும் பொருந்தியது மாதிரிதான் எங்கள் ஐம்பதும் பொருந்தியிருக்கிறது. மூன்று சிடியும் எல்பியும் ஒன்றுபோல இருந்ததில் ஆச்சரியமே இல்லை, நாலும் ஒரே டேப்பின் பிள்ளைகள். மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டோமே தவிர, ஒரு சிடிக்குள்ளேயே பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறுகிறதா என்று முதல் பாட்டின் பியானோவை எட்டாவது பாட்டின் பியானோவோடு ஒப்பிட்டுப் பார்க்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

இனி வேண்டியது அந்தக் கரண்டுக்குக் கட்டுப்படாத ஒரு அளவு. நெசவாளியின் கை வாட்ச் மாதிரி ஒன்று.

வைப்ரபோன்! அலுமினியப் பட்டைக்கு சுருதி கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. தொழிற்சாலையில் அறுத்து வைத்ததுதான் ஆயுசுக்கும். 'இதனோடு சேர்ந்து என்னால் வாசிக்க முடியவில்லை.' அந்த அம்மாள் நான்கே வரியில் சொல்லவேண்டியதைச் சொல்லியிருந்தார். நான்தான் அதைத் துக்கம் என்று படித்துத் தொலைத்தேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"என்ன மாப்ளே, கிறுக்குப் புடிச்சிட்டா?" என்றார் அத்தான்.

"இப்பத்தான் தெளிஞ்சிருக்கு அத்தான். நான் மெட்ராசுக்குக் கிளம்புதேன்."

"விருந்து மிச்சம் கெடக்குவே! நாளைக்கு பிரியாணி போடுதேன்னு சொல்லியிருக்கேன்!"

பிரியாணியை விட்டுவிட்டு ஒருவன் சங்கரன்கோவிலை விட்டுக் கிளம்புகிறான் என்றால் விஷயம் பெரியது என்று அவருக்கும் புரிந்திருக்கும். அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரம்பூரில் ரோஸ்லின் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒல்லியான உடம்பு, வெட்டிவிட்ட வெள்ளை முடி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. கம்பெனி பெயரைச் சொன்னதும் கதவு பாதி மூடியது.

"அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. முதல் சிடியில வேகம் சரின்னு கையெழுத்துப் போட்டவன் நான்தான். தப்புப் பண்ணிட்டேன்னு நினைக்கேன். உங்க வைப்ரபோன்ல ஒரே ஒரு பட்டையத் தட்டிப் பாத்துட்டுப் போயிருதேன்."

கதவு நின்றது. "நினைக்கேனா? எந்த ஊரு நீ?"

"சங்கரன்கோவில்."

"நம்ம பக்கமால்லா இருக்கு! நான் பாளையங்கோட்டை. உள்ள வா. தப்புப் பண்ணிட்டேன்னு வாசல்ல வந்து சொல்லுத கம்பெனி ஆள இப்பத்தான் பாக்கேன்."

வைப்ரபோன் ஹாலில் ஒரு போர்வைக்குள் இருந்தது. சுருதியை எண்ணாகக் காட்டும், பேட்டரியில் ஓடுகிற சிறிய ட்யூனர் ஒன்றை வரும் வழியில் வீட்டிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருந்தேன். பேட்டரி என்பதை இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டேன். சுருதி பார்க்கிற 'ஏ' சுரத்தின் நடுப் பட்டையை அந்த அம்மாளே தட்டினார். நானூற்று நாற்பத்திரண்டு ஹெர்ட்ஸ். மூன்று முறை தட்டச் சொன்னேன், மூன்று முறையும் அதேதான். கையோடு கொண்டுபோயிருந்த சிடியில் ஆறாவது பாட்டைப் போட்டு, அதே பட்டை ஒலிக்கிற இடத்தில் ட்யூனரைப் பிடித்தேன். நானூற்று அறுபது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரண்ட் அன்றைக்கு நாற்பத்தெட்டு. பியானோவில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போகும் தூரத்தில் முக்கால்வாசி ஏறியிருக்கிறது. இதனோடு யாரால் சேர்ந்து வாசிக்க முடியும்?

ட்யூனரைத் திருப்பி அந்த அம்மாளுக்கும் காட்டினேன்.

"அவரு போனபிறகு இத வாங்கிப் போட்டேன்," என்றார் அந்த அம்மாள். "சும்மா உக்காந்து கேக்க எனக்கு வராது தம்பி. கூட வாசிச்சாத்தான் அவரு பக்கத்துல நிக்க மாதிரி இருக்கும். குச்சிய எடுத்து ஒரு தட்டுத் தட்டுனேன். நாராசம். எம் பொட்டி கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன். பிறகு எங் காது கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நீங்கல்லாம் அதத்தான சொன்னிய. போர்வையப் போட்டு மூடுனதுதான்."

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அவருக்கும் எனக்கும் காபி போட்டுக்கொடுத்து, "அழுதது போதும், போய் வேலையப் பாரு," என்றார்.

ஆபீசுக்குப் போனதும் முதலில் ரகுநாதன் சாருக்குப் போன் போட்டேன். அவர் விதியை அவரிடம் சொல்லாமல் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஹம் ஐம்பது, பட்டை நானூற்று அறுபது என்று சொல்லி முடிப்பதற்குள், "மிஷினும் அதே லைனில்தானே ஓடியது?" என்றார். எண்பது வயதைத் தாண்டியவர். அத்தான் சொல்லி நான் கண்டுபிடித்ததை அவர் கால் நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

"ஆமாம் சார்."

"என் விதியை அடித்துவிடுங்கள், கோமதிநாயகம். அடித்தது தெரியும்படி ஒரு கோடு போடுங்கள், கிழித்துப் போட வேண்டாம். பக்கத்தில் என் பெயரையும் எழுதுங்கள்." முப்பது வருடத்தில் அவர் ஒரு விஷயத்தைத் தவறு என்று வாயால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அடுத்தவர் தவறையே பென்சிலால் காட்டியவர், தன் தவறை எவ்வளவு சுருக்காக ஏற்றுக்கொண்டார்!

பிறகு எட்டுப் பாட்டையும் தனித்தனியாக அளந்தேன். அங்கேதான் இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு அளவு. மூன்றாவது பாட்டில் தவறு மிகக் குறைவு. ஆறாவதில்தான் அதிகம். மத்தியானம் தொடங்கி இரவு வரை பதிவு செய்திருக்கிறார்கள். நேரம் ஆக ஆக மெட்ராஸில் விளக்குப் போட, கரண்ட் அசந்துகொண்டே போயிருக்கிறது. தவறு குறைந்ததிலிருந்து கூடியதுவரை பாட்டுகளை வரிசைப்படுத்தினால் அன்று அவர்கள் வாசித்த வரிசை வந்துவிடும்! அதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் டேப்பின் வேகத்தை அதனதன் அளவுக்குக் குறைத்துப் புதிதாக எடுத்தேன். ஆல்பத்தின் நீளம் ஒரு நிமிடத்துக்குமேல் கூடியது. டெரிக்கின் சாக்ஸபோன், அதுவரை தொண்டையைக் கட்டிக்கொண்டு அவசரமாகப் பேசிய ஆள், இறங்கி வந்து நிதானமாக மூச்சுவிட்டது. கண்ட்ரோல் ரூமில் இருந்த பையன்கள் நாலு பேரும் கையைத் தட்டிவிட்டார்கள். மேனேஜர் வந்து கேட்டார். உறை மாற்றி, சத்தம் சமன் செய்துதான் போட்டுக்காட்டினேன். ஒருமுறைகூடத் தடுமாறாமல் புதியதையே தொட்டார்.

அவர் கொடுத்த மாதத்தில் இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்தது. மாதிரி சிடியையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு பெரம்பூருக்கு ஓடினேன்.

முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டினேன். "அன்னைக்கு நீங்க வாசிச்ச வரிசை இதுதானான்னு பாருங்கம்மா."

மூன்று, ஒன்று, ஐந்து, இரண்டு என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஆறு. விரல் நின்றது. "ஆமாலே... ஆறாவதத்தான் கடைசியா வாசிச்சோம். அதுக்குள்ள எல்லாருக்கும் பசி. பல்பு எல்லாம் மங்கிட்டு. டெரிக், இன்னும் ஒரே ஒரு மட்டம்னு கெஞ்சுனாரு. நீ அங்கன இருந்தியோ? உனக்கு யாரு சொன்னா?"

"கரண்ட் சொல்லிச்சும்மா."

ஒப்பந்தத்தை மேசையில் வைத்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர்வையை இழுத்துக் கீழே போட்டார். பட்டைகளைச் சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தார். குச்சிகளை எடுத்துக்கொண்டு நின்று, போடு என்று தலையை ஆட்டினார்.

ஆறாவது பாட்டைப் போட்டேன். டிரம்ஸில் பிரஷ் நான்கு தட்டு. பாஸ் நுழைந்தது. டெரிக் ஊதத் தொடங்கினார். அந்த அம்மாள் குச்சியைத் தூக்கியபடியே காத்திருந்தார். எங்காவது ஒரு இடத்தில் நான் தவறியிருந்தால் அந்த முதல் தட்டிலேயே தெரிந்துவிடும்.

தட்டினார்.

சிடிக்குள் இருந்த வைப்ரபோனும் ஹாலில் இருந்த வைப்ரபோனும் ஒரே சத்தமாக எழுந்தன. எது எங்கிருந்து வருகிறது என்று என் காதுக்கே தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைகள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. டெரிக் ஒரு வரி ஊத, இவர் பதில் சொல்ல, அவர் அடுத்த வரிக்குப் போக, இவர் சிரித்துக்கொண்டே பின்னால் போனார். சிரித்தார் என்றால் நிஜமாகவே, சத்தமாக. பாட்டு முடிந்து கடைசி சுரம் அடங்கும் வரை குச்சியை அசைக்காமல் நின்றார்.

நான் பேனாவை எடுத்து நீட்டினேன்.

"கையெழுத்துக்கு என்ன அவசரம்? போட்டாப் போச்சு," என்றார், கண்ணைத் திறக்காமலே. "நீ மூணாவதப் போடுலே. அன்னைக்கு வாசிச்ச வரிசையிலயே வரணும்."

எட்டையும் வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் கையெழுத்து.